காஸ்டிங்குக்கு முன்னால் எவ்வளவு தேய்ப்பது? பந்து மூட்டு பொம்மை, 42 செ.மீ, ஸ்டோன் கிளே

#1 கோவைக்கனி

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது முதல் தடவை.

ஏழு மாதமாக ஒரு பந்து மூட்டு பொம்மை செய்கிறேன். துண்டு துண்டாகச் செய்து, மூட்டைப் பந்தும் குழியுமாக வைத்து, உள்ளே எலாஸ்டிக் கோத்து இழுத்துப் பிடிப்பது. நான்கில் ஒரு பங்கு அளவு, நின்றால் 42 செ.மீ. தெர்மாகோலைக் கை கால் வடிவத்துக்குச் செதுக்கி, அதன்மேல் லா டால் ஸ்டோன் கிளேயை (காற்றில் காய்ந்து இறுகும் களிமண்) சுற்றி, காய்ந்ததும் நெடுகப் பிளந்து தெர்மாகோலை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறேன். மொத்தம் 16 துண்டு: தலை, தலைமூடி (மண்டையின் மேல்மூடி), மார்பு, இடுப்பு, அப்புறம் கை ஒன்றுக்கு மூன்று, கால் ஒன்றுக்கு மூன்று. கண் 14 மி.மீ. முழங்கை, முழங்கால் எல்லாம் ஒற்றை மூட்டு.

120, 240, 400 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கையால் தடவினால் வழவழவென்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வைத்துச் சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட் அடித்தேன். அழுகையே வந்துவிட்டது. கன்னமெல்லாம் ஊசித்துளை. தொடையில் 120 போட்ட கீறல் வரி வரியாக நிற்கிறது. பிளந்து ஒட்டிய இடம் முதுகில் மயிரிழை மாதிரி ஓடுகிறது.

காஸ்டிங் செய்பவரிடம் (சிலிகானில் மோல்டு எடுத்து, அதில் ரெசின் ஊற்றிக் காப்பி எடுத்துத் தருபவர்) பேசியாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். துண்டுக் கணக்கில் கூலி. எந்த நம்பர் தாள் வரை போக வேண்டும்? ஊசித்துளைக்கு எந்த புட்டி? தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாமா? எலாஸ்டிக் இன்னும் கோக்கவில்லை, பிரைமர் உரிந்துவிடும் என்று பயம். ரெசினில் வந்த பிறகு கோத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

அவளைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஆரம்பித்ததே.

#2 மோல்டு_முருகு

உப்புத்தாளைக் கீழே வையுங்கள். முதலில் கோத்துப் பாருங்கள்.

ஒற்றை மூட்டு முழங்காலை வைத்துக்கொண்டு சம்மணமா? எவ்வளவு மடங்குகிறது என்று கையால் மடக்கியாவது பார்த்தீர்களா?

#3 கோவைக்கனி

கையால் பிடித்து மடக்கினால் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வருகிறது அண்ணா. அதற்கு மேல் கெண்டைக்கால் தொடையில் இடிக்கிறது. எலாஸ்டிக் போட்டால் இழுத்துக்கொண்டு கொஞ்சம் கூட வரும் என்று நினைத்தேன்.

#4 மோல்டு_முருகு

வராது. எலாஸ்டிக் இறுக்கத்தான் செய்யும். சதை இடிக்கிற இடத்தை அது என்ன செய்யும்?

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் வடபழனிப் பக்கம் சினிமாவுக்கு மோல்டு எடுக்கிறவன். வெட்டுப்பட்ட தலை, கை, சாமி சிலை எல்லாம் செய்வோம். பொம்மைக்காரர்கள் சிலருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முதல் பொம்மை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முகத்தைப் பளிங்கு மாதிரி தேய்த்துவிட்டு, மூட்டைத் தொடாமலே அனுப்புகிறார்கள். ரெசினில் வந்த பிறகு மூட்டு வேலை செய்யவில்லை என்றால் ஒவ்வொரு காப்பியிலும் உட்கார்ந்து ராவ வேண்டும். களிமண்ணில் பத்து நிமிஷ வேலை, ரெசினில் ஒரு நாள். பத்து காப்பி என்றால் பத்து நாள். சிலிகானுக்குப் போட்ட பணம் தனி.

ஆகவே வரிசை இதுதான். மூட்டு, பிறகு அளவு, பிறகு மேல்தோல். நீங்கள் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள்.

மூட்டு விஷயம். பந்தைப் பிடிக்கும் குழி அரைப்பந்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். பாதிக்கு மேல் கவ்வினால் பந்து நன்றாக உட்கார்ந்தது போல் இருக்கும், ஆனால் திரும்பாது. குழியின் விளிம்புதான் எல்லை போடுகிறது. முழங்காலில் பந்து கீழ்க்கால் பக்கம் இருந்தால், எலாஸ்டிக் போகும் பள்ளம் பந்தின் உச்சியில் ஆரம்பித்துப் பின்பக்கமாக, கெண்டைக்கால் பக்கம் இறங்க வேண்டும். மடக்கும்போது எலாஸ்டிக் அந்தப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பள்ளம் பாதியில் நின்றால் மடக்கமும் பாதியில் நிற்கும்.

இன்னொன்று. நிற்கும்போது எலாஸ்டிக் பந்தின் நடுமையத்துக்கு ஒரு நூல் முன்னால் ஓட வேண்டும். முன்னால் ஓடினால் இழுவிசை காலை நீட்டிப் பிடிக்கும், பொம்மை நிற்கும். பின்னால் ஓடினால் அதே இழுவிசை காலை மடக்கும். நிறுத்தி வைத்தால் குடிகாரன் மாதிரி முட்டி மடிந்து விழும். உச்சித் துளையை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் இது இருக்கிறது.

#5 டொராண்டோ_தேனு

முருகு அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. நான் செய்கிறவள் இல்லை, வாங்கிச் சேர்ப்பவள். என்னிடம் ஒரு பொம்மை இருக்கிறது, உட்கார வைத்தால் பட்டென்று காலை உதைத்து நீட்டும். ஒருநாள் அலமாரியிலிருந்து தன்னையே உதைத்துக்கொண்டு விழுந்து விரல் போயிற்று. எலாஸ்டிக் முன்பக்கம் போக மட்டும் வழி இருந்து, உட்கார்ந்த நிலையில் நிற்க இடம் இல்லாததால் வருவது. பள்ளத்தின் அடி முனையில் சின்னதாக ஒரு குழி வெட்டிவிட்டால் எலாஸ்டிக் அதில் போய் விழுந்து தங்கும்.

சம்மணத்துக்கு இரட்டை மூட்டு வேண்டும் கனி. முழங்கால் தனித் துண்டாக, இரண்டு பந்தை ஒட்டின வேர்க்கடலை மாதிரி. முன்பக்கம் முட்டிச் சில்லு. மேல் பந்து தொடைக்குள், கீழ்ப் பந்து கீழ்க்காலுக்குள். இரண்டு இடத்தில் மடங்குவதால் குதிகால் தொடை வரைக்கும் வரும்.

#6 கோவைக்கனி

முழங்காலை வெட்ட வேண்டுமா??? ஏழு மாதம்...

#7 பிக்சல்ராஜா

இதற்குத்தான் கம்ப்யூட்டரில் செய்யுங்கள் என்று சொல்வது. பிளெண்டர் சாஃப்ட்வேரில் ஒரு பக்கக் காலைச் செய்தால் மறுபக்கம் தானாக வரும். மூட்டைத் திரையிலேயே மடக்கிப் பார்க்கலாம். 3டி பிரிண்ட் எடுத்தால் முடிந்தது.

#8 சிவப்பு_மரப்பாச்சி

முடிந்ததா? பிரிண்டில் படிவரி வராதா, அதைத் தேய்க்க வேண்டாமா? தேய்க்கிற வேலை எங்கும் போகவில்லை ராஜா.

அதோடு ரெசின் பிரிண்ட் மேல் பிளாட்டினம் சிலிகான் (மோல்டு சிலிகானில் ஒரு வகை) ஊற்றினால் ஒட்டின இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். நன்றாக வெயில் காட்டி, கழுவி, மேலே பூச்சு போட்டு மூடினால்தான் தப்பிக்கலாம். எனக்கு நடந்ததே வேறு கதை. கையால் செய்த தலைக்கு மோல்டு எடுக்க, பாதி வரை புதைக்கப் பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணை எடுத்தேன். அதில் கந்தகம். மறுநாள் திறந்தால் களிமண் தொட்ட ஓரமெல்லாம் ஜவ்வரிசிக் கஞ்சி. ஒரு கிலோ சிலிகான் குப்பைக்குப் போயிற்று. தலையைச் சுரண்டி எடுக்க நான்கு நாள். கந்தகம் இல்லாத மெழுகுக் களிமண் என்று கேட்டு வாங்க வேண்டும். ரப்பர் கையுறையும் ஆகாது, லேடெக்ஸ் பட்டாலே போதும். டின் வகை சிலிகானுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் நாளாக நாளாகச் சுருங்கும், மோல்டுக்கு ஆயுசும் குறைவு.

கனி, உங்கள் காஸ்டிங்காரர் எந்த சிலிகான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அடித்த அதே பிரைமரை ஒரு உபரித் துண்டில் அடித்து முன்கூட்டியே அனுப்பினால் அவரே ஒரு சொட்டு ஊற்றிப் பார்த்துவிடுவார்.

#9 நெறியாளர்

3டி பிரிண்டா கைவேலையா என்ற சண்டைக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. 40 பக்கம் தாண்டிவிட்டது. அங்கே போங்கள்.

#10 பண்ருட்டியான்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொலு பொம்மை. பந்து மூட்டெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அச்சுக்கு மூலப்பொம்மை செய்வது என்றால் தாத்தா சொன்ன ஒன்று இருக்கிறது, சொல்கிறேன்.

அச்சு எல்லாவற்றையும் ஒரு மாத்திரை மழுக்கும். நாங்கள் எடுப்பது பிளாஸ்டர் அச்சு, உள்ளே காகிதக் கூழ், அதனால் ரொம்பவே மழுங்கும். சிலிகானில் அப்படிக் கிடையாது, ரேகை வரைக்கும் எடுக்கும் என்று தெரியும். ஆனாலும் நீங்கள் பிரைமர் மேல் பிரைமர் அடிக்கிறீர்களே, அதுவும் மழுக்கத்தானே செய்கிறது? தாத்தா கண்ணிமை, உதட்டுக்கோடு, மூக்கின் ஓரம், விரல் இடுக்கு இவற்றை வேண்டியதைவிட ஒரு கீறல் ஆழமாகவே வெட்டுவார். மூலப்பொம்மை பார்க்கக் கொஞ்சம் முரட்டு முகமாக இருக்கும். அச்சில் வந்து, சுதை பூசி, வர்ணம் ஏறினால் சரியான முகம் வந்துவிடும்.

அப்புறம் விளக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் பொம்மை பார்க்காதீர்கள். எல்லாம் நன்றாகத்தான் தெரியும். தாத்தா ராத்திரியில் சிம்னி விளக்கைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் வைத்து முகத்தை மெல்லத் திருப்புவார். நிழல் எங்கே உடைகிறதோ அங்கே மேடு. இப்போது போன் டார்ச் போதும். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் படுக்கவைத்த மாதிரி பிடியுங்கள்.

#11 கோவைக்கனி

பண்ருட்டி ஐயா, டார்ச் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். இடது கன்ன எலும்பு வலதைவிட நன்றாகவே மேலே இருக்கிறது. முகத்தைப் போட்டோ எடுத்து இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் வேறு யாரோ ஒருத்தி முறைக்கிறாள்.

முருகு அண்ணா, கோத்தேன். 2 மி.மீ உருண்டை எலாஸ்டிக். ஒரு பாதத்தில் ஆரம்பித்து, கால் வழியாக மேலே ஏறி, கழுத்துக் கொக்கியில் மாட்டி, மறு காலில் இறக்கினேன். கைக்குத் தனி வளையம், ஒரு மணிக்கட்டு முதல் மறு மணிக்கட்டு வரை. நிறுத்தினேன். ஒரு வினாடி நின்றாள். அப்புறம் நீங்கள் சொன்ன அதே குடிகாரன். வெர்னியர் வைத்து அளந்தால் இடது கீழ்க்கால் 2 மி.மீ குட்டை. வலது தொடைக் குழியின் விளிம்பு இழுவை தாங்காமல் பிறைநிலா மாதிரி உடைந்து வந்துவிட்டது.

நாளை வெட்டப் போகிறேன்.

#12 மோல்டு_முருகு

நல்லது. உடையட்டும். இங்கே உடைந்தால் காசு இல்லை.

விளிம்பை ஸ்டோன் கிளேயால் ஒட்ட வேண்டாம், மறுபடி உடையும். மோல்டிட் மாதிரி இரண்டு பாக எபாக்ஸிக் களிமண் போடுங்கள், எம்-சீல்கூடப் போதும். மெல்லிய விளிம்பு எல்லாவற்றுக்கும் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு ஊற வையுங்கள். கல் மாதிரி ஆகும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை கண்ணைக் கரிக்கும்.

பந்தும் குழியும் கச்சிதமாக உட்கார ஒரு வழி. பந்துக்கு வாசலின் தடவுங்கள். குழிக்குள் புது எபாக்ஸியை அப்பி, பந்தை அழுத்தி, எல்லாப் பக்கமும் ஒருமுறை சுழற்றி எடுத்துவிடுங்கள். பந்தின் அச்சு அப்படியே குழியில் விழும். பந்து சரியான உருண்டையாக இருந்தால்தான் இது. கையால் உருட்டின பந்து உருண்டையாக இருப்பதில்லை. ஃபேன்ஸி ஸ்டோர் மர மணி, கோலிக்குண்டு, எது அளவுக்கு வருகிறதோ அதை உள்ளே வைத்து மேலே மெல்லப் பூசிக்கொள்ளுங்கள். இடுப்புக்கு டேபிள் டென்னிஸ் பந்து பெரிதாகிவிடும், அது 40 மி.மீ.

ஆனால் கடையில் வாங்கின மணியையே கடைசிப் பொம்மையிலும் பந்தாகப் போடலாம் என்று நினைக்காதீர்கள். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், இருந்தாலும் குழி சுருங்கி மணி சுருங்காவிட்டால் இறுகிக்கொள்ளும். பந்தும் மோல்டு வழியாகவே வரட்டும், இரண்டும் சேர்ந்தே சுருங்கும். கண்ணுக்கும் அதே கணக்கு. 14 மி.மீ கண் உங்கள் களிமண் தலையில் இறுக்கமாக உட்கார்ந்தால் ரெசின் தலையில் உட்காராது. துளி இடம் விடுங்கள்.

அப்புறம் யாரும் சொல்லித்தராத விஷயம். உள்பக்கம். கால் உள்ளே எலாஸ்டிக் போகும் குழாய் இருக்கிறதே, மோல்டில் அது சிலிகான் தண்டாக நிற்கும். ரெசின் இறுகின பிறகு அந்தத் தண்டை உருவ வேண்டும். உள்ளே தெர்மாகோல் பிய்த்த மாதிரி கரடுமுரடாக, நடுவில் பெருத்து வாய் சிறுத்து இருந்தால் தண்டு அறுந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் தேயுங்கள். வாய் அகலம், உள்ளே போகப் போகக் கொஞ்சம் குறுகல். சுவர் கனம் எங்கேயும் 3 மி.மீக்குக் குறைய வேண்டாம்.

#13 பிக்சல்ராஜா

சரி, சண்டை போடவில்லை. ஒரு சந்தேகம். இந்தப் பந்து மூட்டு யோசனையே ஜப்பான்காரர்களுடையதுதானே?

#14 டொராண்டோ_தேனு

இன்று நாம் கும்பிடும் ரெசின் பொம்மை ஜப்பானிலிருந்து வந்ததுதான். கியோட்டோவின் வோக்ஸ் நிறுவனம் 1999இல் சூப்பர் டால்ஃபி என்று விற்க ஆரம்பித்தது. 60 செ.மீக்குக் கிட்டே உயரம். அவர்கள் ரெசின் மாடல் கிட் செய்துகொண்டிருந்தவர்கள், அதனால்தான் அந்தப் பொருளிலேயே பொம்மையும் வந்தது.

ஆனால் வேர் ஐரோப்பாவில். ஹான்ஸ் பெல்மர் என்ற கலைஞர் 1930களில் ஜெர்மனியில் செய்த பொம்மைகள்தான் ஜப்பானியக் கலைஞர்களை உலுக்கின. யோட்சுயா சிமோன் என்ற பொம்மைக் கலைஞர் 1965இல் ஒரு பத்திரிகையில் அவற்றின் படத்தைப் பார்த்துத்தான் பந்து மூட்டுக்கே மாறினார். பெல்மருக்கும் அது சொந்த யோசனை இல்லை. பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் 16ஆம் நூற்றாண்டு மர பொம்மைகளை, மூட்டு மூட்டாக அசைகிறவற்றை, பார்த்திருக்கிறார். பெல்மரின் படங்களைப் பிள்ளைகள் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

#15 பண்ருட்டியான்

நம் மரப்பாச்சிக்கு மூட்டே கிடையாது. கை உடம்போடு ஒட்டி, விறைத்து நிற்கும். ஐந்நூறு வருஷம் ஆனாலும் எலாஸ்டிக் தொய்யாது.

#16 கோவைக்கனி

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன்.

வெட்டினேன். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் மெல்லிய வில் ரம்பம் வாங்கி இரண்டு முழங்காலையும் எடுத்துவிட்டேன். முதல் இழுப்பில் கை நடுங்கியது. அதற்கு அப்புறம் முருங்கைக்காய் நறுக்குவது போலத்தான் இருந்தது. வேர்க்கடலைத் துண்டு இரண்டு புதிதாகச் செய்தேன். 16 இப்போது 18. இடது கீழ்க்காலை நடுவில் அறுத்து 2 மி.மீ எபாக்ஸி வைத்து நீட்டினேன். பாதத்தின் அடியில் அப்பிவிடலாமா என்று முதலில் யோசித்தேன், செருப்பு போட்டால் தெரிந்துவிடும் என்று விட்டேன். இடுப்புக் குழியின் வெளி ஓரத்தையும் 3 மி.மீ தேய்த்துத் திறந்தேன், தொடை பக்கவாட்டில் விரிய வேண்டுமே.

தலைமூடி அறுத்த இடத்தில் ரம்பத்தின் கனம் அளவுக்கு இடைவெளி இருந்தது. சிவப்பு மரப்பாச்சி அக்கா தனிமடலில் சொன்னபடி, தலைப் பக்கம் வாசலின் தடவி, மூடிப் பக்கம் எபாக்ஸி வைத்து அழுத்தி, அரை இறுகலில் பிரித்தேன். இப்போது மூடினால் கோடுகூடத் தெரிய மாட்டேன் என்கிறது.

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி கோத்தேன். சமையலறைத் தரையில், கிரைண்டர் பக்கத்தில் உட்கார வைத்தேன். வலது குதிகால் இடது தொடைக்கு அடியில் போயிற்று. இடதை மடக்கி மேலே வைத்தேன். கையை எடுத்தேன். உட்கார்ந்திருக்கிறாள்! அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டு, "முதுகு கூன் போடுகிறாளே" என்றார்.

உண்மைதான், மார்பு மூட்டு கொஞ்சம் முன்னால் சாய்கிறது. அதையும் சரி செய்துவிட்டேன்.

இப்போதாவது தேய்க்கலாமா?

#17 மோல்டு_முருகு

தாராளமாக. கூனைப் பிடித்த அம்மாவுக்கு என் வணக்கம்.

#18 சிவப்பு_மரப்பாச்சி

தேய்ப்பது என் பேட்டை. கேளுங்கள்.

தண்ணீர் தொடாதீர்கள். ஸ்டோன் கிளே காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். இப்போது உலர்ந்த தேய்ப்பு மட்டும். பிரைமர் இரண்டு மூன்று கோட் ஏறி முழுசாக மூடின பிறகுதான் வாட்டர் பேப்பர், அதுவும் நனைத்து உதறின தாள், தொட்டியில் முக்கின தாள் இல்லை.

120இன் கீறல் நின்றதற்குக் காரணம் 240ஐ அவசரமாக முடித்தது. ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கீறலைத் தின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒரு நம்பரில் ஒரு திசை, அடுத்ததில் குறுக்குத் திசை. பழைய கீறல் மிச்சம் இருந்தால் குறுக்கே நின்று காட்டிக்கொடுக்கும். மாஸ்டருக்கு (மோல்டு எடுக்கிற மூலப்பொம்மை) 600 போதும், முகத்துக்கு 800. அதற்கு மேல் 2000 வரை போய் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்காதீர்கள். பளபளப்பும் சேர்ந்தே மோல்டில் ஏறும். பளபளக்கிற ரெசின் முகத்தில் வர்ணத்துக்குப் போடும் பேஸ்டல் பொடி பிடிக்காது, மறுபடி மேட் ஸ்ப்ரே அடித்து அதைக் கொல்ல வேண்டும்.

ஊசித்துளைக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற நிரப்புப் பூச்சு, பாட்டிலில் வருவதைத் தூரிகையால் தொட்டு வைப்பேன். நம்பர் கூடக் கூட மென்மை. 500 கனமாக நிரப்பும், 1000 மேலே அடிக்க. விலை அதிகம் என்றால் கார் பெயின்ட் கடையில் என்.சி. புட்டி கேளுங்கள். அதையும் ஒரே அப்பாக அப்பாமல் மெல்லிய பூச்சாக, காயவிட்டு, திரும்ப. கனமாக அப்பினால் காய்ந்து உள்வாங்கி மறுபடி குழி விழும்.

மூட்டுப் பந்திலும் குழியிலும் பிரைமர் ஏற்ற ஏற்ற இடைவெளி குறையும். அங்கே ஒரே கோட், அதையும் தேய்த்து எடுத்துவிடுங்கள். மாஸ்க் கட்டாயம். அந்தக் கல்தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

#19 கோவைக்கனி

என்.சி. புட்டி வாங்கப் போன இடத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன், எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு டிங்கர் கடை. பெயின்ட் அடிக்கிற அண்ணாவிடம் தொடைத் துண்டைக் காட்டிக் கேட்டேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முகத்தில் ஏகப்பட்ட கேள்வி, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. சாம்பல் பிரைமர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை ஒரு முழம் தள்ளி நின்று "உஸ்" என்று ஒரே ஒரு தூவல். கொசு உட்கார்ந்த மாதிரி புள்ளி புள்ளியாக விழுந்தது. காய்ந்ததும் ஒரு ரப்பர் துண்டில் 400 தாளைச் சுற்றி நாலு இழுப்பு இழுத்தார். மேடெல்லாம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்றது. "கறுப்பு நிக்கிற எடத்துல புட்டி. கறுப்பே நிக்காம ஒரே கலர்ல வந்தா முடிஞ்சுது. கார் கதவுக்கும் இதுதான், உங்க பொம்மைக்கும் இதுதான்" என்றார். காசு வாங்கவில்லை.

முதுகில் ஓடிய மயிரிழையும் இப்படித்தான் போயிற்று. வி வடிவத்தில் கீறி ஆழமாக்கி, எபாக்ஸி திணித்து, மேலே புட்டி. வெறுமனே மேலே பூசிக்கொண்டிருந்த வரைக்கும் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

மழைச் சாரல் அடித்த அன்று பிரைமர் அடித்து ஒரு கை வெளுத்துப் போனது தனிக் கதை. ஈரக்காற்றில் அடிக்கக் கூடாது என்று அதற்குப் பிறகுதான் டப்பாவில் படித்தேன்.

#20 பண்ருட்டியான்

உதட்டுக்கோட்டை ஆழமாக்கினீர்களா?

#21 கோவைக்கனி

ஆக்கினேன் ஐயா. கடைசி பிரைமருக்கு முன்னால் ஊசி முனையால் இமையின் மடிப்பு, உதட்டின் நடுக்கோடு, காதின் சுருள், நகம் எல்லாவற்றையும் மறுபடி கீறினேன். பார்க்கக் கொஞ்சம் கோபக்காரியாக இருந்தாள். இரண்டு கோட் ஏறினதும் சாந்தமாகிவிட்டாள். கன்ன எலும்பை முழுசாகச் சமமாக்கவில்லை. பாதிதான் இறக்கினேன். முழுசாக இறக்கினால் முகம் கடையில் வாங்கினது மாதிரி ஆகிவிட்டது.

#22 டொராண்டோ_தேனு

அது நல்ல முடிவு. என்னிடம் இருப்பதில் முகம் கொஞ்சம் கோணினவைதான் போட்டோவில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் இரண்டு கண் குழியும் மட்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கண் வைக்கும்போது ஒன்று எங்கோ பார்க்கும்.

முதல் காப்பியில் எண் போடுங்கள், கழுத்தின் உள்பக்கம் உங்கள் குறியையும் மாஸ்டரிலேயே வெட்டிவிடுங்கள். திருட்டுக் காப்பி எடுக்கிறவர்கள் இருக்கும் உலகம்.

#23 மோல்டு_முருகு

அனுப்பும்போது எலாஸ்டிக்கை எடுத்துவிட்டு, துண்டு துண்டாக அனுப்புங்கள். விரல் இடுக்கில் எங்கே பிரிகோடு (மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோடு) வர வேண்டும் என்று பென்சிலால் லேசாகக் கோடு போட்டுப் போட்டோ எடுத்து அதையும் அனுப்புங்கள். காஸ்டிங்காரர் தன் சௌகரியத்துக்கு உள்ளங்கை நடுவில் போட்டுவிட்டால் ஒவ்வொரு காப்பியிலும் அந்தத் தழும்பை நீங்கள்தான் தேய்க்க வேண்டும். விரலின் பக்கவாட்டில் ஓடட்டும்.

#24 பண்ருட்டியான்

நியூஸ் பேப்பரில் நேராகச் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். பழைய வேட்டித் துணி. கொலு முடிந்து பரணில் ஏற்றும்போது எங்கள் வீட்டில் அதுதான். விரல்களுக்குத் தனியாகப் பஞ்சு.

#25 கோவைக்கனி

அப்பாவின் வேட்டி ஒன்றை ஆறாகக் கிழித்தாயிற்று. பென்சில் கோடு போட்டாயிற்று. பிரைமர் அடித்த உபரித் துண்டு போன வாரமே போய், சிலிகான் நன்றாக இறுகியது என்று பதிலும் வந்துவிட்டது. இன்று மதியம் கூரியரில் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி, மோல்டு திறந்ததும் படம் போடுகிறேன்.

#26 கோவைக்கனி

மேஜையைத் துடைக்கும்போது பார்த்தேன். புட்டி டப்பாவுக்குப் பின்னால் இடது முழங்கால் வேர்க்கடலை உட்கார்ந்திருக்கிறது. போனது 17தான். கூரியர் ஆபீஸ் எட்டு மணி வரை திறந்திருக்குமா, கோவைக்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்.